வந்திக்கு ஆளாய் வந்தவன்

சிவமயம்



ஆவணித் திங்களில் மதுரைமாநகரிற் பிட்டுத் திருவிழா நிகழ்தலை நீவிர் யாவரும் அறிவீர்கள். சோமசுந்தரக் கடவுள் அன்று மண் சுமக்கும் கூலியாளாக எழுந்தருளுகின்றான். அவ்விழாக் கண்டு கைகூப்பி மீள்வோர் பலர். அத்திருவிளையாடலின் உட்பொருளைத் தம் இல்லத்தின்கண் வைத்து ஆராய்வோர் சிலரே. இன்று அதனைச் சிறிது ஆராய்வாம்.

வையை பெருகிக் கரையை உடைத்தது. வீட்டிற்கு ஓராள் வந்து தத்தம் பங்கினை அடைத்தல் வேண்டுமெனப் பாண்டியன் ஆணை பிறந்தது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தியென்னும் மூதாட்டிக்கும் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. அவளுக்குக் கணவனில்லை; மகவில்லை; சுற்றமில்லை; கூலிக்கு ஆளமர்த்தப் பொருளுமில்லை. தன் தனிமையை இறைவனிடத்தே முறையிட்டு நின்றாள். அப்போது அழுக்குத் துணியும் கூடையும் மண்வெட்டியுமாக ஓர் இளைஞன் வந்தான். உதிர்ந்த பிட்டே கூலியாகப் பெற்றுக்கொண்டு அவள் பங்கை அடைக்க உடன்பட்டான். இதனைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்து விரித்துரைத்தனர்.

அன்பர்களே, ஈண்டு ஒன்று கருதுக. எல்லாம் வல்ல முதல்வன் அவ்வையையை ஒரு நொடியில் வற்றச் செய்திருக்கலாம். வந்தியின் குடிலிற் பொற்குவியலை நிறைத்திருக்கலாம். அரசன் கனவிற் றோன்றி அவளை விலக்குவித்திருக்கலாம். அவற்றுள் ஒன்றும் செய்திலன். அவளுக்கு இல்லாதிருந்தது ஓர் ஆள். ஆதலின் ஆளாகவே வந்தான். முதுமைக்கு வேண்டப்படுவது யாதென்பதனை இறைவனே தன் தலையிற் கூடை சுமந்து காட்டினன் என்க.

இனி, நம் காலத்து வந்திகளை நோக்குவாம். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்நாட்டில் 60 வயதும் அதற்கு மேலுமுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டிருந்தனர். நந்தமிழ்நாட்டில் அன்றே பத்துப் பேருள் ஒருவர் அவ்வயதினர். அதன்பின் அத்தொகை பெருகியதேயன்றிக் குறைந்ததில்லை. நீண்ட ஆயுள் வேண்டி நாம் திருக்கோயில்தோறும் அருச்சனை செய்வித்தோம். பெற்றோர்க்கு அறுபதும் எண்பதும் நிறைந்தகாலைத் திருக்கடவூர் சென்று சாந்தி செய்தோம். காலகாலன் கேட்டதைக் கொடுத்தான். கொடுத்த ஆயுளை ஏற்றுப் பேணுதற்கு நாம் ஆயத்தமாயினோமா? பிள்ளைகள் வெளியூரினும் வெளிநாட்டினும் உள்ளனர். உள்ளூரிலிருப்போரும் விடியலில் வேலைக்குச் சென்று இரவில் மீள்கின்றனர். பழைய வந்திக்குச் சுற்றமில்லை, ஆதலின் ஆளில்லை. இக்காலத்து வந்திகள் பலருக்கோ சுற்றமுண்டு, ஆளில்லை.

முதுமையின் இடர்களுள் இல்லத்தாரை மிகவும் கலங்கச் செய்வது மறதிநோய். டிமென்ஷியா என மருத்துவர் கூறும் இந்நோயுடையோர் 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 5 கோடியே 70 இலட்சம் பேர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இந்நோயின் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது, 1906ஆம் ஆண்டில் அலோய்ஸ் அல்சைமர் என்னும் செருமானிய மருத்துவர் எடுத்துரைத்து, அவர் பெயராலேயே வழங்குவதாம். இஃது முதுமையின் இயல்பன்று. மூளையைப் பற்றிய நோய். பெற்ற தாய் மகனை நோக்கி ‘நீ யார்?’ என வினவுங்கால், ‘என் தாய் போய்விட்டாள், எஞ்சியது வெறுங்கூடு’ என அவன் நெஞ்சு உடைகின்றது. சைவசித்தாந்தம் அவனுக்குக் கூறும் மறுமொழி யாது?

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரத்தில் அந்தக்கரணங்கள் ஆன்மாவாகாவென நிறுவி, அமைச்சரோடு கூடி அரசு செலுத்தும் வேந்தனைப் போல ஆன்மா அக்கரணங்களோடு கூடித் தொழிற்படுமென உணர்த்தினர். மனமும் புத்தியும் அகங்காரமும் சித்தமும் மாயையின் காரியங்கள். ஆதலின் தேய்தற்கும் கெடுதற்கும் உரியன. மறதிநோயில் நிகழ்வது அமைச்சர் ஒருவர்பின் ஒருவராக அவையை விட்டு நீங்குதலேயாம். அவை வெறிதாயிற்று, ஆயினும் அரியணையில் அரசன் இருக்கின்றான். அமைச்சரில்லாத அரசனை அரசனல்லன் என்று எவரேனும் புறத்தே தள்ளுவரோ? அவனுக்கு அன்றுதான் குடிகளின் துணை பெரிதும் வேண்டும்.

அடியேன் அறிந்த ஓரில்லத்தில் எண்பது கடந்த முதியவர் ஒருவர் இருந்தார்; பள்ளித் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். நோய் முற்றியபின் தம்மைப் பேணிய மகளின் பெயரை மறந்தார். அவளையே ‘அம்மா’ என்றழைத்தார். மாலை மயங்கும் பொழுதில் நாடோறும் எழுந்து ‘வீட்டிற்குப் போகவேண்டும்’ என வாயிலை நோக்கி நடப்பார். ‘இதுதானே அப்பா நம் வீடு’ என்று மகள் வாதிடுவாள், அவர் சினந்து கைத்தடியை ஓங்குவார், அவள் அழுவாள். பின்னர் ஒரு மருத்துவர் அறிவுறுத்தியபடி வாதிடுதலை விடுத்து, ‘போகலாம், அப்பா’ என்று கைபற்றித் தெருமுனைவரை நடத்திச் சென்று திரும்பினாள். தம் வாயிலைக் கண்டதும் அவர் ‘வந்துவிட்டோம்’ என்று அமைதியுற்றார். ஒருநாள் அவள் விளக்கேற்றித் திருப்பதிகம் ஓதுங்கால் இடையே மறந்து நின்றாளாக, மகள் பெயரை மறந்த அந்நா அடுத்த அடியைத் தானே எடுத்துக் கொடுத்தது. இசையோடு பயின்றவை இந்நோயிலும் நெடுங்காலம் எஞ்சிநிற்றலை மருத்துவரும் கூறுவர். அன்றிரவு அம்மகள் தன் தந்தை எங்கும் போய்விடவில்லையென்று தெளிந்தாள்.

மதுரையில் நிகழ்ந்த மற்றொரு திருவிளையாடலில் இறைவன் பசித்த விருத்தனாய் ஒரு பெண்ணின் வாயிலை அடைந்தான், அவளிட்ட உணவை உண்டபின் குமாரனாயினான், முடிவிற் பாலனுமாயினான். முதுமை, இளமை, குழவிப் பருவமென்பன உடலின் மாற்றங்களே, வந்தவன் ஒருவனே. நம் மனையின் மூலையிற் கட்டிலிற் சுருண்டு கிடக்கும் மூதாட்டியும் அவ்வாறே ஒருகாலத்து நம்மை இடுப்பிற் சுமந்தோடிய இளந்தாயேயன்றோ?

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினதென்பது சித்தாந்தத் துணிபு. இது நூலில் மட்டும் கற்கத்தக்கதன்று. நோயாளியின் கட்டிலருகே நாடோறும் மெய்ப்படுவது. சொற்பொருளை உணரும் ஆற்றல் குறைந்தபோதும், சொல்வார் முகத்தையும் குரலையும் உணரும் ஆற்றல் நெடுங்காலம் நிற்கின்றது. பேணுவார் கடுகடுத்தால் முதியவரும் கலங்குவர். அவர் அமைதியுற்றால் முதியவரும் அமைதியுறுவர். ஆதலின் எதிரே அமர்ந்து, முகம் காட்டி, ஒருகால் ஒரு செய்தியே கூறுக. ‘நான் யாரென்று சொல் பார்ப்போம்’ எனச் சோதியாதே. ‘நான் உன் மகன் வந்திருக்கிறேன், அம்மா’ என நீயே கூறுக. அறிவித்தால் அறிவதே உயிரின் இயல்பாகலின், அறிவித்தல் அருகிருப்போர் கடனாயிற்று.

அற்றேல், அன்பொன்றே அமையுமோ எனின், அமையாது. கண்ணப்பர் வரலாற்றைக் காண்க. காளத்தியப்பர் கண்ணிற் குருதி பெருகக் கண்டவுடன் அவர் தங்கண்ணை இடந்து அப்பவில்லை. முதற்கண் காடெங்கும் ஓடிப் பச்சிலை மருந்து கொணர்ந்து பிழிந்தார். அதனாற் குருதி நில்லாமை கண்ட பின்னரே தங்கண்ணை ஈந்தார். பேரன்பரும் மருந்து தேடினர். ஆதலின் முதியோரைப் பேணுவார் சிலவற்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நேற்றுவரை தெளிவாயிருந்த முதியவர் இன்று திடீரெனப் பிதற்றினாலோ, ஆளறியாது மயங்கினாலோ, அதனை ‘வயதாயிற்று’ என்று விட்டுவிடற்க. சிறுநீர்த் தொற்று, நுரையீரற் காய்ச்சல், உடலில் நீரோ உப்போ குறைதல், புதிதாகத் தொடங்கிய ஒரு மருந்து ஆகிய இவற்றுள் ஒன்று அதற்குக் காரணமாகலாம். காய்ச்சலில்லாமலும் தொற்று நிகழ்தலுண்டு. அன்றே மருத்துவரிடம் காட்டின் பெரும்பாலும் தீர்வதொன்று, காட்டாதுவிடின் உயிர்க்கு இறுதியாதலுங் கூடும். முகம் ஒருபுறம் கோணுதல், கையோ காலோ சோர்தல், சொற் குழறுதல் உண்டாயின் அது பக்கவாதத்தின் குறி. ஒரு நாழிகையும் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பல மருத்துவர் தந்த பல மருந்துகளையும், கடையிற் கேட்டு வாங்கியவற்றையும், நாட்டு மருந்துகளையும் ஒரு பையிலிட்டு ஒரு மருத்துவரிடமே காட்டி, வேண்டுவன இவை, வேண்டாதன இவையெனக் கேட்டறிக. நீரிழிவுக்கு மருந்துண்ணும் முதியோர் பிரதோடம், சிவராத்திரி முதலிய விரதங்களில் மருந்தை மட்டும் உண்டு உணவை விடுத்தல் பேரிடர். இரத்தத்திற் சருக்கரை தாழ்ந்து நினைவிழப்பர். அவர்க்கு உண்டு வழிபடுதலே விரதமென்க. வயதேறத் தாகம் தோன்றுதல் குறையும். ஆதலின் நீர் கேளாவிடினும் கொடுத்தல் வேண்டும். சிறுநீரகமோ இருதயமோ நலிந்தார்க்கு மட்டும் அதன் அளவை மருத்துவர் வரையறுக்க.

வழுக்கி விழுதல் முதியோர்க்குச் சிறிய இடரன்று. இடுப்பெலும்பு முறிந்து படுத்தபின் எழாதே மாய்ந்தோர் பலர். குளியலறையிற் பற்றிக்கொள்ளச் சுவரிற் பிடிக்கம்பி, ஈரமற்ற தரை, கட்டிலிலிருந்து கழிப்பிடம்வரை இரவு முழுதும் ஒரு சிறு விளக்கு, காலத்திற் செய்த கண்புரைச் சிகிச்சை: இவை பெருஞ்செலவின்றி முடிவன. படுக்கையிலேயே கிடப்பாரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்துக. இடுப்பு, குதிகால், முதுகின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை நாடோறும் நோக்குக. தோல் சிவந்திருப்பதே படுக்கைப்புண்ணின் முதற்குறி. உணவை நிமிர்ந்து அமரச் செய்து சிறிது சிறிதாக ஊட்டுக. விழுங்குங்கால் இருமல் வருமாயின், உணவு மூச்சுக்குழாயிற் புகுதல் கூடுமாகலின் மருத்துவரை வினவுக. செவி கேளாமையையும் மனச்சோர்வையும் மறதியென மயங்கி விடுவாருமுளர். அவ்விரண்டும் சிகிச்சைக்கு உரியன.

ஈண்டு ஒருவர் தடை நிகழ்த்துவர்: ‘நோயும் முதுமையின் இடரும் அவரவர் பிராரத்த வினையன்றோ? வினை நுகர்ந்தே தீரவேண்டுமெனில் நாம் இடைப்புகுந்து செய்வதென்னை?’ என்பது. இது சித்தாந்தம்போலத் தோன்றும் சோம்பலேயாம். திருஞானசம்பந்த சுவாமிகள் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தக் கண்டபோது, வினைமேற் பழிசாற்றி உய்யும் வழி தேடாதிருத்தல் குறையேயென அறிவுறுத்தித் திருநீலகண்டப் பதிகம் ஓதி அச்சுரத்தைப் போக்கியருளினர். சமணஞ் சார்ந்து நீங்கிய தம்பியார் சூலைநோயால் துடித்து நள்ளிரவில் திருவதிகை வந்து அடிவீழ்ந்தபோது, திலகவதியார் ‘நின் வினை நீ நுகர்’ என்று வாயிலை அடைத்தாரல்லர். திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றனர். மேலும், நோய் அவருடைய வினையாயின், அந்நோயின் அருகே நாம் நிறுத்தப்பட்டமை எவருடைய வினை? அந்நிலையில் நாம் செய்வதும் செய்யாது விடுவதும் நமக்கு ஆகாமியமாய் ஏறுமென்பதை மறவற்க.

இனி, வந்தியின் ஆளுக்கு நேர்ந்ததனைக் கேளுங்கள். பங்கு அடைபடாமை கண்டு பாண்டியன் பிரம்பாலடித்தான். அவ்வடி மன்னன் முதுகினும், அரசியர் முதுகினும், எல்லா உயிர்கள் முதுகினும் பட்டது. பேணுவார்மேல் விழும் அடி எல்லார்மேலும் விழவேண்டிய அடியென்பதே இதனால் நாம் கொள்ளத்தக்க படிப்பினை. நம் இல்லங்களில் நிகழ்வதோ வேறு. ஓர் ஆண்மகனுக்கு நான்கு மக்களிருப்பினும் கூடை ஏறுவது ஒரு தலைமீதே. அத்தலையும் பெரும்பாலும் மகளுடையது அல்லது மருமகளுடையது. மறதிநோயாளிகளைப் பேணும் நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு மகளிராலேயே செலவிடப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஏனையோர் கரையில் நின்று கணக்குக் கேட்கின்றனர். தொலைபேசியில் அழைத்து, ‘அப்பா ஏன் இளைத்தார்? மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறாயா?’ என வினவுகின்றனர். மண் சுமவாதவன் கையிற் பிரம்பு இருத்தல் தகுமோ?

இரவெல்லாம் விழித்துப் பகலெல்லாம் துடைத்துக் கழுவி ஓய்ந்தவள் ஒருநாள் கடுஞ்சொற் கூறிவிடுகின்றாள். கூறியபின் தான் பாவியென்று தனியே அழுகின்றாள். அம்மா, நீ பாவியல்லை, நீ தளர்ந்தவள். உனக்கு உறக்கம் வேண்டும்; உன் இரத்த அழுத்தத்தை நீயும் பார்த்துக்கொள்ள வேண்டும்; வாரத்தில் ஒரு பொழுதேனும் வெளியே சென்று வரவேண்டும். திருக்கோயிலுக்குச் செல்ல இயலவில்லையேயென வருந்தற்க. நீராட்டல், ஆடை சாத்தல், அமுதூட்டல், விளக்கேற்றல் என்னும் பூசையின் உறுப்புக்களெல்லாம் உன் கையில் நாடோறும் நிகழ்கின்றன. ஆனால் இவ்வுண்மையைக் கூறி அவளை அக்கட்டிலோடு பிணித்துத் தாம் தப்பித்துக்கொள்வோர் சிவத்தொண்டின் பெயரால் அநீதி இழைப்பவராவர். உடன்பிறந்தார் ஆண்டிற்கு ஒரு திங்களேனும் வந்திருந்து அவளுக்கு விடுதலையளிக்க. இயலாதார் உதவியாளுக்குரிய ஊதியத்தையேனும் தருக. அருகிலுள்ள அடியார் ஒரு மாலைப்பொழுது சென்று முதியவரருகே அமர்க. மடங்களும் சபைகளும் தேவார வகுப்பு நடத்துதல்போல இப்பணிக்கும் முறை வகுத்தல் நன்று.

கூலிக்கு வரும் உதவியாளைப் பற்றியும் ஒரு சொல். வந்தியிடம் இறைவன் கூலியாளாகவே வந்தான். நம் தந்தையின் மலசலம் துடைக்கும் ஏழைப் பெண்ணை வேறு தட்டிலிட்டு வேறிடத்தமர்த்தி உணவிடுவோர், வந்தி தன் ஆளுக்குப் பிட்டை எவ்வன்போடு பிசைந்தளித்தாளென்பதை எண்ணிப் பார்க்க.

இன்னுமொன்று கூறாது விடுதல் குற்றமாகும். நந்தென்மாவட்டங்கள் சிலவற்றிற் படுக்கையிற் கிடக்கும் முதியோரைத் தலைக்கூத்தல் என்னும் பெயரால், எண்ணெய் முழுக்காட்டி உயிர் போக்கும் வழக்கம் மறைவில் நிகழ்ந்து வந்தமை 2010ஆம் ஆண்டில் நாடறிய வெளிப்பட்டது. வறுமையும் ஆளின்மையும் அதற்குக் காரணமென்பர். காரணம் எதுவாயினும் அது கொலையே. அக்கொலையைச் செய்தவரை மட்டும் இகழ்ந்து நாம் நீங்குதல் ஆகாது. அவ்வில்லத்திற்கு ஓர் ஆள் அனுப்பாத ஊரும் அதிற் பங்குடையது. தீராநோயினர்க்கு வலி தணித்து, உடனிருந்து, இயல்பாக வரும் இறுதியை அமைதியோடு எய்துவிக்கும் மருத்துவம் இன்று உண்டு. அதனை அரசு மருத்துவமனைகளிலும் வினவியறிக. கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடம் வாழ்வுப்பொருள் கேட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிட 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்துள்ளது. முதியோர்க்கென 14567 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. இவற்றை அறியாத முதியோர்க்கு அறிவித்தலும் தொண்டே.

முதியோரே, தங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிறர் செய்யும் பணியை நாணாது ஏற்றுக்கொள்ளுதலும் ஓர் அறம். இறைவனே ஒரு கிழவியின் பிட்டை ஏற்றுண்டான். கைத்தடி பிடியுங்கள், செவிக்கருவி அணியுங்கள், அவை குறைவல்ல. அறிவு தெளிவாயிருக்கும்போதே நோய்க்காலத்தில் தங்கட்கு வேண்டுவதும் வேண்டாததும் யாவெனப் பிள்ளைகளிடம் கூறிவையுங்கள். நாவுக்கரசர் முதுமையினும் உழவாரப்படை நீத்திலர். ஆற்றலுள்ளமட்டும் ஒரு சிறு பணி கையிலிருக்கட்டும். நும்மைப் பேணும் பெண்ணை நோக்கி நாளுக்கொருமுறை ‘நன்றாயிரு, அம்மா’ என்று வாழ்த்துங்கள். அதுவே நும்மிடமுள்ள உதிர்ந்த பிட்டு.

நம் சமயம் இறைவனை அடையும் நெறிகளுள் ஒன்றைச் சற்புத்திரமார்க்கம் என்று வழங்குகின்றது. இறைவனைத் தந்தையெனக் கொண்டு வழிபடும் அந்நெறிக்கு ‘நன்மகன்’ என்னும் பெயரே அமைந்தமை எண்ணத்தக்கது. வீட்டிலுள்ள தந்தையின் கட்டிலருகே நன்மகனாக நிற்கக் கூசுபவன், கருவறை வாயிலில் எப்பெயர் கொண்டு நிற்பான்?

அன்பர்களே, இவ்வாண்டு பிட்டுத் திருவிழாவிற்குச் செல்லுங்கள். கூடை சுமந்து வரும் பெருமானைக் கண்குளிரக் காணுங்கள். மீளும் வழியில் நும் தெருவில் ஆளில்லாதிருக்கும் வந்தி எவளென எண்ணிப் பாருங்கள். அவள் நும் தாயாகவும் இருக்கலாம். நும் தாயைத் தனியே சுமந்து தளர்ந்த நும் தமக்கையாகவும் இருக்கலாம். அவ்வாயிலில் நின்று, ‘ஆள் வேண்டுமா?’ என்று கேளுங்கள். அக்கேள்வி முதன்முதல் எவன் வாயிற் பிறந்ததோ, அவன் திருவருள் நும்மோடு நிற்கும்.

திருச்சிற்றம்பலம்